மறுநாள் பாடம்

ஒரு மலைக்காட்டின் உச்சியில் கரடியம்மா வைத்தியம் சொல்லிக்கொடுத்தாள். எந்த இலை விஷம், எந்த வேர் மருந்து என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கஷ்டமான படிப்புதான். முடிக்கச் சில வருஷமாகும்.

பாடம் நடத்துகிறவள் இரை தேடி அலைய முடியுமா? அதனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழை விட்டதும் ஒவ்வொரு கூட்டமும் மலையடிவாரத்தில் தன் பங்குக்கு ஒரு குவியல் வைக்கும். பன்றிகள் கிழங்கு வைத்தன. குரங்குகள் பழம் வைத்தன. மான்கள் நெல்லிக்காய் வைத்தன. கரடியம்மாவும் அவளிடம் படிப்பவர்களும் அதை வைத்தே வருஷத்தை ஓட்டினார்கள். படிக்க வந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் நெல்லி சரியாகக் காய்க்கவில்லை. மான்களின் தலைவன் கொம்பழகன் தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுந்தான்.

"மலைமேல இப்ப யாரு படிக்கிறாங்க? ஒரு கீரிப் பொண்ணு, ஒரு முயல் பொண்ணு. நம்ம குட்டி ஒண்ணாவது போகுதா?"

"இல்லையே!" என்றன மான்கள்.

"அப்புறம் நாம எதுக்கு வயித்தைக் கட்டணும்? மான் பொறக்கும்போதே மேயத் தெரிஞ்சுதான் பொறக்குது! படிக்கிறவங்க செலவைப் படிக்கிறவங்களே பாத்துக்கட்டும்!"

பேச்சு எடுப்பாக இருந்தது. கொம்பும் எடுப்பாக இருந்தது. மான்கள் தலையாட்டிவிட்டன.

"மான் வைக்கலைன்னா நாங்க மட்டும் என்ன இளிச்சவாயா?" என்றன பன்றிகள். குரங்குகளும் அதையே சொல்லிவிட்டு மரமேறிவிட்டன.

கரடியம்மா கீழே வந்து பார்த்தாள். அடிவாரத்தில் சருகுதான் கிடந்தது. மாணவிகள் இருவரையும் கூப்பிட்டாள்.

"எனக்கு வேற வழி தெரியலம்மா. நாளையிலிருந்து ஆளுக்கொரு தேன்கூடு கொண்டு வந்தாத்தான் பாடம். நானும் சாப்பிடணும் இல்லையா?" சொல்லும்போது அவளுக்கே சங்கடமாக இருந்தது.

தேன் இருப்பதோ மர உச்சியில். முயல் எங்கே ஏறுவது? கீரிக்கும் அவ்வளவு உயரம் ஆகாது. அப்போது மரநாய் இளித்துக்கொண்டு வந்தது.

"தேன் நான் தரேன், கடனா! படிப்பு முடிஞ்சதும் நான் சொல்ற இடத்துலதான் வைத்தியம் பாக்கணும்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டாள் முயல் வெள்ளச்சி.

"கடன் அடையற வரைக்கும்!"

"அது எப்ப அடையும்?"

"அதை நான்தான் சொல்வேன்!"

கீரி சரியென்றாள். வெள்ளச்சிக்குப் பயமாகிவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டு, அழுதுகொண்டே இறங்கிவிட்டாள்.

கீரி படித்து முடித்தாள். மலைக்கு அந்தப்பக்கம் வாழைத்தோப்பில் வசதியாக வாழ்ந்த யானைகளிடம் மரநாய் அவளை அனுப்பி வைத்தது. அவள் திரும்பவே இல்லை. மரநாய்க்குத் தார் தாராக வாழைப்பழம் வந்தது.

ஒரு நாள் கொம்பழகனின் குட்டி சின்னப்புள்ளி மேய்ந்துகொண்டிருந்தவள் சுருண்டு விழுந்தாள். வாயில் நுரை. பக்கத்துப் புதரிலிருந்து வெள்ளச்சி ஓடி வந்து குட்டியின் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, இவ காந்தள் கிழங்கைத் தின்னிருக்கா! அது விஷம்!"

"கண்டுபிடிச்சிட்டியே! மருந்தைச் சொல்லு தாயி, சீக்கிரம்!"

வெள்ளச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாது மாமா. எதெல்லாம் விஷம்னு அன்னிக்குப் பாடம். முறிக்கிற மருந்து மறுநாள் பாடம். அந்த மறுநாள்தான் நான் போகலையே."

கொம்பழகன் மலையுச்சிக்கு ஓடினான். முள்ளிலும் பாறையிலும் விழுந்து எழுந்து ஓடினான். கரடியம்மா வேரைக் கவ்விக்கொண்டு அவனோடு இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சின்னப்புள்ளி அசையவில்லை. தாய் மான் அவளை நக்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் கொம்பழகன் அடிவாரத்தில் ஒரு குவியல் நெல்லிக்காய் கொண்டுவந்து கொட்டினான். அந்த வருஷமும் நெல்லி சரியாகக் காய்க்கவில்லை.

"உங்க கூட்டத்துலேருந்து யாரு படிக்க வரப்போறா?" என்று கேட்டாள் கரடியம்மா.

"யாரும் இல்லம்மா. அந்த முயல் பொண்ணுக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுங்க."

பன்றிகள் பார்த்துக்கொண்டு நின்றன. குரங்குகள் மரத்திலிருந்து இறங்கின. கொஞ்ச நேரத்தில் கிழங்கும் பழமும் வந்து சேர்ந்தன. வெள்ளச்சி மலையேறினாள்.

படிப்பது ஒருவர் என்றாலும் பலன் எல்லோருக்கும் வருவதால், அந்தப் படிப்பின் செலவையும் எல்லோரும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும்.