முதல் ஊசி முதலாளிக்கு

தாணுலிங்கத்தின் ஆஸ்பத்திரியில் எதுவானாலும் முதலாளிக்குத்தான் முதலில். புதுக் கட்டில் வந்தால்கூட அவர் படுத்து எழுந்த பிறகுதான் நோயாளிக்கு.

காலாவதியான டிரிப் ஊசிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கம்பெனியே கேட்டுக்கொண்டது. அவரோ வார்டில் நின்று அதட்டினார்: "உறையே பிரிக்கல. கெட்டுப்போறதுக்கு அது என்ன மீன் குழம்பா? இன்னைக்கே போட்டுத் தீர்த்துடுங்க!"

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் மரியபுஷ்பம் தலையாட்டினாள். ஊசிப் பெட்டியும் பஞ்சுமாக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"முதல் ஊசி உங்களுக்குத்தான் சார். கையை நீட்டுங்க."

வார்டே எட்டிப் பார்த்தது. நீட்டுவாரா மனுஷன்? இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் ஓடின.

"பெட்டியைத் திருப்பி அனுப்பிடும்மா" என்று முனகினார்.

அந்த ஊசிக்காகக் காத்திருந்த பிள்ளைத்தாய்ச்சி கண்கலங்கி மரியபுஷ்பத்தைக் கும்பிட்டாள். "ரெண்டு உசுரைக் காப்பாத்தினீங்க சிஸ்டர்."

"ஐயோ, எனக்கு அப்புறம்மா. முதல் கும்பிடும் சாருக்குத்தான்!"