இரண்டாம் தளத்துக் கேபிள்

“மேடம், நான் இழுத்த கேபிளை உங்க ஸ்விட்ச் அடைச்சு வெச்சிருக்கு. வழியை அடைக்கிற அந்த ஸ்பானிங் ட்ரீ ஏற்பாட்டை அணைச்சுடட்டுமா?”

கேட்டவர் இருதயராஜ். ஒரு மருத்துவமனையின் சுவர்களுக்குள் இருபது ஆண்டுகளாகக் கேபிள் இழுப்பவர். கேட்கப்பட்டவர் நாச்சியார், வயதில் இளையவர், அங்கே கணினி வலையமைப்பின் தலைவி.

முதன்மை ஸ்விட்சோடு ஏற்கெனவே இணைந்திருந்த இரண்டாம் தளத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இடையே, மூன்று நாள் முட்டி தேய அவர் இழுத்த கேபிள் அது. பழுதொன்றும் இல்லை. ஆயினும் செய்திகளைக் கடத்தும் ஸ்விட்ச் அதன்வழி எதையும் அனுப்பவில்லை.

“தீவிர சிகிச்சையில இப்போ எத்தனை பேர் அண்ணே?”

“பதினோரு பேர்.”

இக்கதையைச் சொல்வோரில் பதின்மூன்று என்போரும் உண்டு.

நாச்சியார் எழுந்தார். அறையில் பணியிலிருந்த கமருன்னிசாவையும் வேலப்பனையும் அழைத்து, இருதயராஜோடு சேர்த்து மூவரையும் முக்கோணமாக நிறுத்தினார்.

“கமருன்னிசா முதன்மை ஸ்விட்ச். வேலப்பன் தீவிர சிகிச்சை. நீங்க இரண்டாம் தளம். ஒருத்தர் சொன்னதை, சொன்னவரை விட்டுட்டு மத்தவருக்கு உடனே சொல்லணும். முன்னாடியே கேட்டதான்னு யோசிக்கக் கூடாது. ஸ்விட்சுக்கு அந்த நினைப்பு கிடையாது.”

பிறகு கமருன்னிசாவின் காதில், “அஞ்சாம் கட்டிலுக்கு ரத்தம்” என்றார்.

அது இருபுறமும் புறப்பட்டது. இருபுறமும் சுற்றித் திரும்பியது. மறுபடியும் புறப்பட்டது.

“நாந்தானே அண்ணே உங்களுக்குச் சொன்னேன்! எனக்கே சொல்றீங்களே?” என்றாள் கமருன்னிசா.

“இப்ப வேலப்பன்ல சொன்னான். வாங்கிக்க தாயி!”

சிரிப்பு எழுந்தது. குரல்கள் உயர்ந்தன. அஞ்சாம் கட்டில், அஞ்சாம் கட்டில்.

நாச்சியார் மீண்டும் கமருன்னிசாவின் காதருகே குனிந்து, வேறொன்று சொல்லி நிமிர்ந்தார். கையுயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

“வேலப்பன், ஏழாம் கட்டில்ல மூச்சு நின்னுபோச்சுன்னு இப்ப சொன்னேன். கேட்டுச்சா?”

“இல்லையே மேடம்.”

கமருன்னிசாவுக்கே கேட்டிருக்கவில்லை.

சிரிப்பு அடங்கியது.

“அண்ணே, இனி வேலப்பனுக்கு நீங்க எதுவும் சொல்லாதீங்க. அவர் சொல்றதைக் கேட்டுக்குங்க, யாருக்கும் கடத்தாதீங்க.”

செய்தி ஒருமுறை போயிற்று. இருவரையும் அடைந்தது. நின்றது.

இருதயராஜின் முகம் கறுத்தது. “அப்போ நான் வாயை மூடிக்கிட்டு நிக்கத்தானா மேடம்?”

 நாச்சியார் கமருன்னிசாவுக்கும் வேலப்பனுக்கும் நடுவே ஒரு கோப்பினை நீட்டிப் பிடித்தார்.

“இந்த வழி அறுந்துபோச்சு.”

கமருன்னிசாவின் காதில் ஏதோ சொன்னார். அவள் அதை இருதயராஜிடம் சொன்னாள். வேலப்பனிடம் சொல்ல அவளுக்கு வழியில்லை.

வேலப்பன் பக்கமிருந்து ஏதேனும் வருகிறதா என்று இருதயராஜ் சில மூச்சு நேரம் செவிசாய்த்திருந்தார்.

வரவில்லை.

தாமே வேலப்பனின் காதருகே குனிந்து, கமருன்னிசா சொன்னதைச் சொன்னார்.