வெளுப்புக் கூடத்தில் இரண்டு மணி நேரம்

இந்தக் கதையில் வருகிற குருவுக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. பெயர் பிரம்மசக்தி. வயது முப்பத்துநான்கு. ஆற்றங்கரைக் காகித ஆலையின் ஆய்வகத்தில் வேலை. சீடருக்கு வயது ஐம்பத்தாறு. பெயர் சொரிமுத்து. அதே ஆலையின் வெளுப்புக் கூடத்தில் இருபத்தாறு வருடமாகக் குளோரின் வால்வைத் திறந்து மூடுகிறவர்.

அவரை யாரும் சீடராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவராகவே சேர்ந்துகொண்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ இன்ஜினியர்கள் வந்து அதைச் செய், இதைச் செய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த அம்மா மட்டும்தான் வந்த முதல் நாளே, "அண்ணாச்சி, கூழு வெந்துட்டான்னு மோந்து பாத்தே சொல்லிருவீங்களாமே, எப்படி?" என்று கேட்டார். அன்றிலிருந்து சொரிமுத்துவின் வாயில் "எங்க குரு" என்றுதான் வரும். கேன்டீனில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

வெளுப்புக் கூடத்தில் எந்நேரமும் ஆவிதான். எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். கருப்பட்டி நிறத்தில் உள்ளே வருகிற மரக்கூழ் உயரமான தொட்டிகளில் ஏறி இறங்கி, மறுபக்கம் வெள்ளை மேகமாக வெளியே போகும். அந்த மேகத்தைப் பார்ப்பதில் சொரிமுத்துவுக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை. வால்வுச் சக்கரத்தில் ஏழு சுற்று, அதுதான் அவர் அளவு. வெள்ளை போதவில்லை என்று ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை.

கூழைக் கழுவிய கறுப்புத் தண்ணீரைக் கொதிகலனில் எரித்துவிடுவார்கள். ஆனால் குளோரின் பட்ட தண்ணீரை அங்கே அனுப்ப முடியாது. குழாயை அரித்துவிடும். சுத்திகரித்து வாய்க்காலில்தான் விட வேண்டும். என்ன சுத்திகரித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். அந்த வாய்க்கால் போகிற முதல் ஊர் சொரிமுத்துவின் ஊர். போன தை மாதம் மகள் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பந்தியில் வைத்த தண்ணீரைத் தொடவில்லை. ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. பெண்ணைப் பெற்றவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் குரு ஒரு நொதியைக் கொண்டு வந்தார். ஆலையில் எல்லோரும் அதை என்சைம் என்பார்கள். ஏதோ பூஞ்சையிலிருந்து எடுத்தது. பார்க்க நீர்த்த தேன் மாதிரி இருக்கும். குளோரினுக்கு முன்னால் இதைக் கூழில் கலந்து இரண்டு மணி நேரம் சும்மா விட்டால், ஏழு சுற்று வேண்டாம், ஐந்து போதும் என்றார். ஐந்தில் நிறுத்தி இருபது நிமிடம் பார்க்க வேண்டும், வெளுக்காவிட்டால் கூட்டிக்கொள்ளலாம். நிர்வாகம் மூன்று வாய்ப்புக் கொடுத்தது.

இரண்டு போய்விட்டது. இரண்டு தடவையும் 'ஐந்து போதவில்லை, ஏழாக்கினேன்' என்று சொரிமுத்து ஏட்டில் எழுதினார். மூன்றாவதும் இப்படியே ஆனால் என்சைம் பீப்பாய்களைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது.

அவர் எழுதியது பொய். ஐந்தில் அவர் நிற்கவே இல்லை. இரண்டு மணி நேரம் முடிந்ததும் பார்த்தால், கூழ் போட்டது போட்டபடி அதே கருப்பட்டி. துளிகூட வெளுக்கவில்லை. தாள் மஞ்சளாகிவிடும் என்று கை தானாக ஏழு சுற்றும் சுற்றிவிட்டது. வாய்க்கால் தெளிய வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் அந்த ஆலையில் இல்லை. அவர்தான் இதைச் செய்தார். குருவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாவது தடவை காலை ஷிப்டில் நடந்தது. கூழின் காரத்தைக் குறைத்து, சூட்டை இறக்கி, என்சைமைக் கலந்தாயிற்று.

"அம்மா, இன்னைக்கு வால்வுக்கு வேற ஆளப் போடுங்களேன். மேலுக்கு முடியல."

"என்ன செய்யுது?"

"கிறுகிறுன்னு வருது."

"அப்பம் உக்காருங்க அண்ணாச்சி. நானும் உக்காருதேன்."

ஸ்டூல் இரண்டைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆவி கால்மாட்டில் வந்து படுத்துக்கொண்டது. தொட்டிச் சுவரின் கதகதப்பு முதுகில் ஏறியது. இயந்திரங்களின் இரைச்சல் எங்கோ தூரத்தில் மழை பெய்கிற சத்தமாக மாறியது. சொரிமுத்துவுக்குக் கண் சொருகியது.

கூழுக்குள்ளே அவர் நடந்துகொண்டிருந்தார். கருப்பட்டி நிறத்தில் ஒரு ஊர். தெருவெல்லாம் வீடு, வீடெல்லாம் சாத்திக் கிடந்தது. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எதையும் விடாமல் யாரோ சேறு பூசி அடைத்திருந்தார்கள். சின்னச் சின்ன விருந்தாளிகள் வந்தார்கள். அவர்கள் கதவைத் தட்டவில்லை, இடிக்கவும் இல்லை. வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சேற்றைத் தின்ன ஆரம்பித்தார்கள். ஒரு அவசரமும் இல்லை. "யாருவே நீங்கள்லாம்?" என்று கேட்டார். வாய் நிறைய இருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை.

விழித்தபோது இரண்டு மணி நேரம் முடிந்திருந்தது. பாய்ந்து போய்த் தொட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அதே கருப்பட்டி.

"அம்மா, இது என்னதாம்மா செய்யுது? வெளுக்கவே இல்லையே!"

பிரம்மசக்தி எழுந்து போய் இரண்டு வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை எடுத்து வந்தார். என்சைம் கலக்குமுன் எடுத்து வைத்த கூழில் ஒரு கைப்பிடியை முதல் கோப்பையில் பிழிந்தார். தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக விழுந்தது. தொட்டியிலிருந்து இன்னொரு கைப்பிடி எடுத்து இரண்டாவது கோப்பையில் பிழிந்தார். அது கடுங்காப்பியாக விழுந்தது.

சொரிமுத்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கூழைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"கூழு பாக்க அப்படியேதான இருக்கு?"

"அப்படித்தான் இருக்கும். வெளுக்கது இதோட வேலை இல்ல. உள்ள இருக்க அடைப்ப மட்டும் எடுக்கும். இனிமே குளோரின் நுழையிறது லேசு."

"இந்தக் கறுப்புத் தண்ணி எங்க போவும்?"

"இதுல குளோரின் படலல்லா? கொதிகலனுக்குப் போயிரும்."

கறுப்புத் தண்ணீரை வடித்துவிட்டதும் சொரிமுத்து சக்கரத்தைப் பிடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. நின்றார்.

புரிந்துவிட்டது என்பதற்காகக் கை சும்மா இருந்துவிடுமா? இருபத்தாறு வருடம் ஏழு சுற்றுக்குப் பழகிய கை. மீதி இரண்டு சுற்றும் உள்ளங்கையில் அரித்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு தாள் மஞ்சளாக வந்தாலும் ஊர் சிரிக்குமே. குரு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. பத்து நிமிடம் ஆனபோது சொரிமுத்து இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பதினைந்தாவது நிமிடம் கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

ஆவிக்குள்ளிருந்து குருவின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, பாருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகம் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் ஆய்வகத்தில் தாளை அளந்தார்கள். வெண்மை எண்பத்தேழு. எப்போதும் வருகிற அதே எண்பத்தேழு. மேனேஜர் இரண்டு முறை அளக்கச் சொன்னார். பிறகு, பீப்பாய்கள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொரிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழ ஆரம்பித்த பிறகு, அது சந்தோஷம் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

"அம்மா, முந்தின ரெண்டு தடவையும் நான் அஞ்சுல நிக்கவே இல்ல. நேரா ஏழுக்குப் போயிட்டேன். ஏட்டுல எழுதுனது பொய்யி. உங்க பேரக் கெடுத்ததே நாந்தான்."

"தெரியும்."

அவர் அழுகை அப்படியே நின்றுவிட்டது. "எப்பம் தெரியும்?"

"மொதத் தடவையே. அஞ்சுல நின்னு பாத்தா இருவது நிமிசம் ஆவும். நீங்க ரெண்டே நிமிசத்துல ஏழுக்குப் போயிருக்கீங்க. குளோரின் மீட்டர்ல பதிஞ்சு கெடக்கு."

"தெரிஞ்சுமா இன்னைக்கும் என்னையவே நிறுத்துனீங்க? இதுவும் போயிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமேம்மா! நானே கேட்டேம்லா, வேற ஆளப் போடுங்கன்னு. போட்டிருக்கலாம்லா?"

பிரம்மசக்தி பீங்கான் கோப்பைகளைக் குழாயில் காட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டாவது கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"போட்டிருக்கலாம் அண்ணாச்சி. கூழு மட்டும் மாறியிருக்கும்."