அறுபது தூண் மண்டபமும் ஆடு திருடிய கையும்

முன்னொரு காலத்தில், ஆறு வைத்ததே சட்டமாக இருந்த காலத்தில், மணலூர்க்கரை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு நடுவே அறுபது தூண் மண்டபம். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் ஊரே அதில் ஏறித்தான் பிழைக்கும். மற்ற நாட்களில் அங்கே சண்டைதான். இளசுகள் கொட்டடித்தால் பெரியவர்களுக்குத் தூக்கம் போகும். பெரியவர்கள் இருமினால் இளசுகளுக்குச் சிரிப்பு வரும்.

ஒருநாள் கும்பகண்டன் என்ற மந்திரவாதி வந்தான். மண்டபத்தின் நடுவே கோலால் ஒரு கோடு போட்டான். பெரியவர்களை ஒரு பக்கமும் இளசுகளை மறுபக்கமுமாகப் பிரித்துப் புகைத்திரை ஒன்று எழுந்தது. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாருக்குத் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை.

"திரை வேண்டாமென்றால், இந்தப் பக்கத்துக் கை அந்தப் பக்கத்துக் கையைப் பிடிக்கட்டும். அதுவரை நாளுக்கு மூன்று தூண் எனக்குக் கூலி" என்றான்.

விட்டது தொல்லை என்று ஊர் தலையாட்டியது.

மூன்று தூண்கள் அவனுடைய சுருக்குப்பைக்குள் போயின. "அவங்க முதல்ல கை நீட்டட்டும்" என்றார்கள் பெரியவர்கள். இன்னும் மூன்று போயின. "அவங்க முதல்ல கை நீட்டட்டும்" என்றார்கள் இளசுகள். தெருவில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஐம்பத்தொரு தூண்கள் போயின. வானம் கருத்தது.

ஓடக்காரர் மகள் எழிலிக்குப் பதினாறு வயது. வெள்ளத்தில் முதலில் போவது அவள் குடிசை. உள்ளே, பிறந்து பத்து நாளான தம்பி. ஆனாலும் அவளும் சொன்னாள்: "அவங்க முதல்ல கை நீட்டட்டும்."

மந்திரவாதியின் கோடு தரையில் செதுக்கிய ஆடுபுலி ஆட்டக் கட்டத்தின் குறுக்கே ஓடியிருந்தது. பொழுது போகாமல் எழிலி ஓர் ஆட்டுக்கல்லை வைத்தாள். திரைக்குள்ளிருந்து ஒரு புலிக்கல் நகர்ந்து வந்தது. யாரோ ஆடுகிறார்கள்!

முதல் நாள் ஓர் ஆடு காணாமல் போனது. அதை வெட்டப் புலி தாண்டவே இல்லை. மறுநாள் இன்னோர் ஆடு. திரையிலிருந்து இரண்டு விரல்கள் நீண்டு கல்லை எடுத்துப்போனதை அவள் கண்ணாலேயே கண்டாள். மூன்றாம் நாள், மிஞ்சியவை மூன்றே தூண்கள். விரல்கள் வந்தன. எழிலி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். திரை கலையத் தொடங்கியது.

"கள்ளாட்டம்! வெட்கமா இல்ல?"

"விடு பிள்ளை, கை வலிக்குது!"

திரை முழுதும் கலைந்தது. எதிரே உட்கார்ந்திருந்தார் எழுபது வயதுப் படகுத் தச்சர் செங்கோடன், உள்ளங்கையில் அவள் ஆட்டோடு.

கும்பகண்டன் அலறிக்கொண்டு வந்தான். "செல்லாது! நீ பிடித்தது திருட்டுக் கை!"

"கைன்னுதானே சொன்னீரு? நல்ல கைன்னு சொல்லலையே" என்றாள் எழிலி.

சுருக்குப்பை வெடித்தது. அத்தனை தூண்களும் பழைய இடத்தில் போய் நின்றன. மந்திரவாதி புகையாகிக் கரைந்தான்.

அன்று மாலையே வெள்ளம் வந்தது. செங்கோடன் கைக்குழந்தையைச் சுமந்து படியேறினார். இளசுகள் கொட்டடித்து அடித்து, தூரத்துக் குடிசைக்காரர்களுக்கெல்லாம் வழி காட்டினார்கள். மணலூர்க்கரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

"நேர்மையா ஆடியிருந்தா நீ கை நீட்டியிருப்பியா?" என்று செங்கோடன் பின்னால் பெருமை பேசினார். ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். எழிலி கடைசிவரை நம்பவில்லை.

அந்த ஊருக்கு யார் போனாலும் தூண்களைக் காட்ட மாட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தக் கட்டத்தைத்தான் காட்டுவார்கள். ஒரு பக்கம் நரைத்த தலை, மறுபக்கம் கருத்த தலை. சண்டைக்கு இன்றும் குறைவில்லை. சட்டம் மட்டும் ஒன்றுண்டு: ஆடும்போது இரண்டு கைகளும் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும்.