தெய்வானை "தெரியாது"ன்னு சொன்ன கதை

காலை நீட்டிப் படு. போர்வையைக் கடிக்காதடீ. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினா உனக்கு என்ன கொறைஞ்சா போயிடும்? சரி சரி, மூஞ்சியத் தூக்காத, அத்தை கதை சொல்றேன். ஆனா நடுவுல நீ "ம்" கொட்டணும். ம் வரலேன்னா நான் பாட்டுக்கு எழுந்து துணி மடிக்கப் போயிடுவேன், எனக்கு நெறைய வேலை கெடக்கு.

ஒரு ஊர்ல ஒரு... ஊர்னா வயலும் வரப்புமா இருக்கிற ஊரு இல்ல, நம்ம மெட்ராஸ்லயே ஒரு தெரு. இருபது வீடு, ஒரு மெக்கானிக் கடை, முனையில ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அந்தத் தெருவுல தெய்வானைன்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு என்ன வேலை தெரியுமா? பதில் சொல்றது.

சிரிக்காத, நெஜமாத்தான். சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டுக்கிட்டு, மடியில முறத்தை வெச்சுக்கிட்டு கீரை ஆய்வா. அப்போ தெருக்காரங்க ஒவ்வொருத்தரா வருவாங்க. "அக்கா, அடுப்புல மஞ்சளா எரியுது, யாரைக் கூப்பிடறது?" "தெய்வானைக்கா, புள்ளைக்கு சாதிச் சான்றிதழ் வாங்கணும், எந்த ஆபீஸு?" "ஏம்மா, மாடி ஒழுகுதே, என்ன பூசறது?" டக்கு டக்குன்னு பதில் வரும். தெரிஞ்சாலும் சொல்லுவா, தெரியலேன்னாலும் சொல்லுவா. "தெரியாது"ங்கற வார்த்தை மட்டும் அவ வாயில வந்ததே கிடையாது. பாதி பதில் சரியா இருக்கும். மீதி பாதிக்கு ஜனங்க வெயில்ல ரெண்டு நடை கூடுதலா அலைஞ்சுட்டு வருவாங்க. ஆனாலும் மறுநாளும் அவகிட்டதான் வந்து நிப்பாங்க, வேற யாரைக் கேக்கறது?

அவளுக்கும் அது வேண்டியிருந்துது. புருஷன் துறைமுகத்துல வேலை, வந்தா டிவி, டிவி முடிஞ்சா தூக்கம். புள்ள கல்யாணம் ஆகி பெங்களூர் போயிட்டான். வீட்டுக்குள்ள அவளை யாரும் ஒரு வார்த்தை கேக்கறது இல்ல. தெருதான் கேட்டுது. அதுலதான் அவ உசிரே இருந்துது.

ம் எங்க? ஆங், அப்படிச் சொல்லு.

அப்புறம் எதிர்வீட்டு மாடிக்கு ஸ்டெல்லான்னு ஒருத்தி குடிவந்தா. தூத்துக்குடிக்காரி, ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. தெருமுனையில இஸ்திரி போடற கன்னியப்பன் அவ துணியைக் குடுக்கப் போனவன், சும்மா இல்லாம, "சிஸ்டர், எங்கம்மாவுக்கு முதியோர் பணம் நின்னு போச்சு, என்ன பண்றது?"ன்னு கேட்டுட்டான். அவ என்ன சொன்னா தெரியுமா? "எனக்குத் தெரியாதுண்ணே. கேட்டுச் சொல்லுதேன்"ன்னா. ரெண்டு நாள் கழிச்சு, என்னென்ன கொண்டு போகணும், எந்தக் கெழமை கூட்டம் இருக்காது, எத்தனாவது மேசைன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தா. கன்னியப்பன் போனான், ஒரே நடை, வேலை முடிஞ்சுது.

ஒரே நடைன்னு தெரு பூரா சொல்லிட்டான், படுபாவி.

அப்போலேர்ந்து எதிர்வீட்டு மாடிப்படியில டக் டக் டக்குன்னு செருப்புச் சத்தம். நாலு மணிக்கு தெய்வானை கீரையை வெச்சுக்கிட்டு யார் யார் ஏறிப் போறாங்கன்னு எண்ணுவா. மூணு பேரு. மறுநாள் அஞ்சு பேரு. அவளுக்கு வயிறு எரியும் பாரு, அப்படி எரியும். கீரையில இலையை வீசிட்டு தண்டை முறத்துல போடுவா. "தெரியாதுன்னு சொல்றவகிட்டப் போய் என்னத்தக் கேக்கறாங்க இந்த ஜனங்க? எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரிஞ்சுடப் போவுது?"ன்னு முணுமுணுப்பா.

பொறாமைன்னா என்னவா? போன வாரம் பக்கத்து சீட்டுப் பொண்ணுக்கு மிஸ் ஸ்டார் போட்டாங்கன்னு அவ ரப்பரை ஒளிச்சு வெச்சியே, அதுதான். மூஞ்சியத் திருப்பாத, எனக்கு எல்லாம் தெரியும்.

அப்புறம் தெய்வானை ஒரு யோசனை பண்ணினா. இவளை ஒரு தடவையாவது மூக்கு உடைய வைக்கணும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ஒரு பூவரச மரம் இருந்துது. அதோட கெளை கம்பி மேல உரசும். காத்தடிச்சா சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம், பட்டுன்னு கரெண்ட் போயிடும். கரெண்ட் ஆபீஸ்ல கேட்டா மரம் எங்களுது இல்லம்பாங்க. மரம் வெட்டற ஆபீஸ்ல கேட்டா கம்பி எங்களுது இல்லம்பாங்க. ஏழு வருஷமா இதே பாட்டுதான். தெய்வானை கன்னியப்பனைக் கூப்பிட்டு, "போயி உங்க நர்ஸம்மாவைக் கேளேன், பெரிய இவளாச்சே"ன்னா. ஸ்டெல்லா, "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுதேன்"ன்னா. அப்புறம் அங்க போனா, இங்க போனா, ரெண்டு ஆபீஸ் ஆளுங்களையும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல, மரத்தடிக்கு வர வெச்சுட்டா. நேருக்கு நேரா நின்னுக்கிட்டு எங்களுது இல்லன்னு எப்படிச் சொல்லுவாங்க? சரக்கு சரக்குன்னு கெளை விழுந்துது. அன்னிக்கு மத்தியானம் தெய்வானை வீட்டு ஃபேன் நிக்காம ஓடுச்சு. அந்தக் காத்தும் அவளுக்குச் சுட்டுது.

ம்... ம்... கண்ணு சொருகுதா? இன்னும் இருக்கு.

அப்புறம் ஆடி மாசம் வந்துது. தெருக்கோடி அம்மனுக்குக் கூழ் ஊத்தணும். எத்தனை படி கேழ்வரகு, எப்போ கரைச்சு வைக்கணும், நொய் எப்போ போடணும், எல்லாம் வருஷா வருஷம் தெய்வானைதான் சொல்லுவா. அந்த வருஷம் அவ, "எனக்கு இடுப்பு வலி, இந்த வருஷம் ஸ்டெல்லா சொல்லட்டும்"ன்னுட்டா. மாதா கோயிலுக்குப் போறவளுக்கு அம்மன் கூழைப் பத்தி என்ன தெரியும், பாத்துடுவோம்னு ஒரு கெட்ட எண்ணம். ஸ்டெல்லா வழக்கம்போல, "எனக்குத் தெரியாதே, கேட்டுச் சொல்லுதேன்"ன்னா. யாரைக் கேட்டா தெரியுமா? அடுத்த தெருவுல இருந்த தெய்வானையோட நாத்தனாரை. தெய்வானைக்குக் கூழ் காய்ச்சக் கத்துக்குடுத்ததே அந்த நாத்தனார்தான். அண்டா நெறையக் கூழு, கொழகொழன்னு, வெங்காயம் கிள்ளிப் போட்டு, அப்படி ஒரு ருசி. தெய்வானைக்கும் ஒரு சொம்பு குடுத்தனுப்பினாங்க. ஒரு வாய் குடிச்சா. தான் காய்ச்சறதை விட நல்லா இருந்துது. மீதியைத் தொட்டியில கவுத்துட்டு உள்ள போய் அழுதா.

பாவமா? பாவம்தான். இரு, இனிமேதான் அவ பண்ணினதைக் கேளு.

அப்புறம் ஒரு நாள் காலையில கேபிள் போடறதுக்குப் பள்ளம் தோண்ட ஆளுங்க வந்தாங்க. கடப்பாரையை ஓங்கி இறக்கினாங்க. ணங். அப்புறம் புஸ்ஸ்ஸ்ஸ்... தண்ணிக் குழாய் ஒடைஞ்சு ஆளு உசரத்துக்குப் பீய்ச்சி அடிக்குது. அந்தத் தெரு கொஞ்சம் சரிவு. தண்ணி சலசலன்னு ஓடிப்போய்க் கடைசி வீட்டு வாசல்ல தேங்க ஆரம்பிச்சுது.

கடைசி வீடு ஹாஜிராம்மா வீடு. வயசானவங்க. தலையணை தைச்சுப் பொழைக்கறவங்க. ஒரு ஹாஸ்டலுக்கு அறுபது தலையணை தைக்கணும்னு பஞ்சு மூட்டையாத் தரையில அடுக்கி வெச்சிருந்தாங்க. வாசலுக்கு மூணு படி. மொதப் படி முழுகிடுச்சு.

தண்ணி ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆளு ஓடி வந்தாரு, கையில நீட்டமா ஒரு சாவி. "இந்தத் தெருவுல எங்கேயோ ஒரு வால்வு இருக்கு. அதை அடைச்சா நின்னுடும், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா மூடியைக் காணோமே. இடம் யாருக்காவது தெரியுமா? தெரியலேன்னா பெரிய குழாய்ல போய்த்தான் அடைக்கணும், சாயங்காலம் ஆயிடும்"ன்னாரு.

அப்போ தெரு மொத்தமும் அண்ணாந்து ஸ்டெல்லா மாடியைப் பாத்துது. ஒருத்தர் விடாம. பொடவை நனைஞ்சு நின்னுக்கிட்டு தெய்வானை அதைப் பாத்தா.

ஸ்டெல்லா தடதடன்னு எறங்கி வந்தா. "எனக்குத் தெரியாது"ன்னா. நேரா தெய்வானைகிட்ட வந்தா. "அக்கா, முப்பது வருஷமா இங்க இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. வால்வு எங்கக்கா இருக்கு?"

தெய்வானைக்குத் தெரியும். அவ வாசல்லயேதான் இருந்துது. புள்ள கல்யாணத்தப்போ கோலம் பளிச்சுன்னு தெரியணும்னு வாசலுக்கு வெளிய ரோட்டு மேல கருப்புக் கிரானைட் போட்டா. கொத்தனார் அப்பவே, "அம்மா, அடியில தண்ணி வால்வு மூடி இருக்கு"ன்னாரு. "இருந்தா இருக்கட்டும், பூசு, யாரு கேக்கப் போறா"ன்னுட்டா. அதை இப்போ எல்லாரும் முன்னாடி சொல்றதே வெக்கம். அதுக்கும் மேல, இவகிட்டயா சொல்றது? நான் சொல்லுவேன், இவ அடைப்பா, பேரு இவளுக்குப் போவும்.

அப்போ தெய்வானை ஜென்மத்துல மொத தடவையா அந்த வார்த்தையைச் சொன்னா. "எனக்குத் தெரியாது."

ஸ்டெல்லா ஒரு துளிகூடச் சந்தேகப்படல. திரும்பி எல்லார்கிட்டயும், "தெய்வானைக்காவுக்கே தெரியலேன்னா யாருக்கும் தெரியாது, வாங்க, தோண்டிப் பாப்போம்"ன்னா. தெய்வானை போய் நாற்காலியைக் கொண்டுவந்து, அந்தக் கிரானைட் மேலேயே போட்டு, உக்காந்துட்டா. பாக்கறேன், எப்படிக் கண்டுபிடிக்கறான்னு.

மெக்கானிக் கடைகிட்டத் தோண்டினாங்க. ஒண்ணும் இல்ல. ரெண்டாவது படி முழுகிடுச்சு. டிரான்ஸ்ஃபார்மர்கிட்டத் தோண்டினாங்க. கல்லுதான் வந்துது. மாடிப்படி ஓரமா ஸ்டெல்லாவே மண்வெட்டியைப் புடிச்சுத் தோண்டினா, தலைமுடியெல்லாம் சேறு. ஒண்ணும் இல்ல. கன்னியப்பன், "என்ன சிஸ்டர், சும்மா சும்மா தோண்டச் சொல்றீங்க"ன்னு சலிச்சுக்கிட்டான். தெய்வானைக்குச் சந்தோஷமா இருந்துது. ஆமாடீ, சந்தோஷமாத்தான் இருந்துது. எத்தனை நாள் கழிச்சு.

அப்போ சளப் சளப்னு தண்ணியில நடந்து ஹாஜிராம்மா வந்தாங்க. ஸ்டெல்லாகிட்டப் போகல. தண்ணி ஆபீஸ் ஆளுகிட்டப் போகல. நேரா நாற்காலிக்கு வந்தாங்க. "தெய்வானை, மூணாவது படியும் ஏறிடுச்சும்மா. அடி மூட்டை நனைய ஆரம்பிச்சுடுச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல. நான் என்ன பண்ணட்டும், நீ சொல்லு"ன்னாங்க.

தெய்வானை அவங்க மூஞ்சியைப் பாத்தா. அப்பத்தான் அவளுக்கு நெனப்பு வந்துது. இத்தனை மாசத்துல இந்தம்மா ஒரு தடவைகூட அந்த மாடிப்படி ஏறல. எது கேக்கணும்னாலும் இங்கதான் வந்தாங்க. நேத்துகூட வந்து, நூலு சாயம் போவுமான்னு கேட்டுட்டுப் போனாங்க. எதிர்வீட்டுக்கு யார் போறாங்கன்னு எண்ணிக்கிட்டே இருந்தவ, தன் வாசலுக்கு யாரு வந்தாங்கன்னு எண்ணவே இல்ல.

எழுந்தா. நாற்காலியை எடுத்து வீசினா. "கடப்பாரையை இங்க குடு"ன்னு கன்னியப்பன் கையிலேர்ந்து புடுங்கினா. ணங். ணங். ணங். மூணாவது அடிக்கு அந்தக் கருப்புக் கல்லு ரெண்டாப் பொளந்துது. சிமெண்டைப் பேத்தா, கீழ துருப்புடிச்ச மூடி. தண்ணி ஆபீஸ் ஆளு சாவியை விட்டுத் திருகினாரு. கிர்ர்ர், கிர்ர்ர். பீய்ச்சி அடிச்ச தண்ணி இடுப்பளவு ஆச்சு, முழங்கால் அளவு ஆச்சு, அப்புறம் நின்னுடுச்சு.

எல்லாரும் கல்லைப் பாக்கறாங்க, அவளைப் பாக்கறாங்க.

"எனக்குக் காலையிலேயே தெரியும்"னா தெய்வானை. "இவ வந்து கேட்டா. எல்லாரும் இவளையே கேக்கறீங்களேன்னு எனக்கு வயித்தெரிச்சல். அதான் சொல்லல."

யாரும் திட்டல. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. ஹாஜிராம்மா ஒரு பார்வை பாத்துட்டு, வீட்டுத் தண்ணியை எறைக்கப் போனாங்க. ஸ்டெல்லாவும் அவங்க பின்னாடியே போயிட்டா. அன்னிக்கு நாலு மணிக்கு தெய்வானை நாற்காலியே போடல. போட்டிருந்தாலும் யாரு வந்திருப்பா?

ம் சொல்ல மாட்டேங்கறியே. தூங்கிட்டியா? இல்லையா? சரி, கொஞ்சம்தான்.

மறுநாள் காலையில வாசல்ல தரதரன்னு ஒரு சத்தம். கதவைத் தொறந்தா ஹாஜிராம்மா, ரெண்டு ஈர மூட்டையை இழுத்துக்கிட்டு வந்து போட்டாங்க. "இது நீ நனைச்ச பஞ்சு"ன்னாங்க. "இதை எப்படிக் காய வைக்கறது? நீயே சொல்லு."

"மாடிக்கு வாங்க"ன்னு தெய்வானை மூட்டையை அவளே தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு ஏறினா. ரெண்டு பேருமா மொட்டை மாடி பூரா பஞ்சைப் பிரிச்சுப் பிரிச்சுப் பரப்பினாங்க. வெயில் ஏற ஏறப் பஞ்சு காய ஆரம்பிச்சுது. காஞ்சதும் புஸ்ஸு புஸ்ஸுன்னு பறக்குது. தெய்வானை இங்க ஓடிப் புடிக்கறா, அங்க ஓடிப் புடிக்கறா. பழைய பொடவையை மேல போட்டுப் பாத்தா, வெயில் படல. எடுத்தா, மறுபடியும் பறக்குது. தலையெல்லாம் பஞ்சு.

எதிர் மாடியில ஸ்டெல்லா துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் தயங்கித் தயங்கி, "அக்கா, எங்க வீட்டுல கொசுவலை இருக்கு. மேல விரிச்சா பறக்காது, வெயிலும் படும்லா?"ன்னா.

தெய்வானைக்கு வயிறு எரிஞ்சுது. நான் ஏன் பொய் சொல்லணும், எரிஞ்சுது. கொசுவலை தனக்குத் தோணாமப் போச்சேன்னு அப்படி எரிஞ்சுது. ஹாஜிராம்மா அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காங்க. தெய்வானை தலையிலேர்ந்து பஞ்சை எடுத்துப் போட்டுட்டு, எரியற வயித்தோடயே சொன்னா: "பெரிய வலையா இருந்தா எடுத்துக்கிட்டு வா. நீயும் வந்து ஒரு பக்கம் புடி."

அவ்ளோதான். வலையை விரிச்சாச்சு, என் வாயும் வலிச்சாச்சு. நீ கண்ணை மூடு, நான் போய்த் துணி மடிக்கறேன்.