ஏழாம் வகுப்புக்கு வராத வாத்தியார்

பூசணிப்பட்டி பி.எட். கல்லூரியில் குணசீலன்தான் அறிவாளி என்று அவன் கூட்டாளிகள் ஜெபராஜும் பொன்ராணியும் அடித்துச் சொல்வார்கள். மூன்று பேரின் லட்சணத்தையும் அதிலிருந்தே எடைபோட்டுவிடலாம்.

பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனவர்களுக்குக் கல்லூரியில் ஒரு செல்போன் விளையாட்டு கொடுத்தார்கள். பாடம் நடத்திவிட்டு, நடத்தினது எப்படி என்று யோசித்து எழுதினால் நட்சத்திரம் விழும். எழுதுகிறவரின் திறமைக்குத் தக்கபடி கேள்வி ஏறும், இறங்கும். வெள்ளிக்கிழமைக்குள் நூறு நட்சத்திரம் சேராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். குணசீலனிடம் இருந்ததோ இரண்டு. ஏற்கெனவே ஒரு வருடம் கோட்டைவிட்டவன், பாவம், பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை விளையாட்டு கேட்டது: 'கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் உங்கள் வகுப்பு எப்படி இருக்கிறது?'

குணசீலன் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மணி அடித்தது. கரும்பலகைப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. அரைமணி நேரம் பொறுத்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'ஆசிரியர் வரவே இல்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதினான். இருபது நட்சத்திரம் கொட்டியது!

மறுநாள் கேள்வி ஒரு படி ஏறியது: 'அவர் ஏன் வரத் தவறினார்?'

மூவரும் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள்.

"போன வாரம் வரைக்கும் ஒழுங்கா வந்த மனுசன்லா," என்றாள் பொன்ராணி. "நீ பின்னால போய் உக்காந்த பெறவுதான் வரல."

"அப்போ என்னைப் பாத்துப் பயமா?"

"பயந்தா லீவு லெட்டர் குடுக்கணும்லா," என்றான் ஜெபராஜ். "பிள்ளைக படிப்பு என்னத்துக்கு ஆகும்?"

வியாழக்கிழமை கடைசிக் கேள்வி: 'என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?' குணசீலன் கல்லூரி முதல்வரிடம் புகார் கொடுத்தான். நூறு நிறைந்தது.

முதல்வரும் அதே கல்லூரியில் படித்தவர்தான். வகுப்புக்கே நேரில் வந்து பார்த்துக் கொதித்துப்போனார். அந்த வாத்தியாரை நீக்கி, போட்டோ ஒட்டிய ஆணையைக் குணசீலன் கையிலேயே கொடுத்தார். "நாலு நாளா பொறுப்பா இருந்த நீரே அவர் இடத்துல பரீட்சை எழுதும்."

அடுத்தவர் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று குணசீலன் தேம்பினான். அல்வா வாங்கிக்கொண்டு, ஆணையிலிருந்த விலாசத்துக்கு மூவரும் மன்னிப்புக் கேட்கப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. குணசீலன் தன் பையிலிருந்த சாவியால் திறந்து பார்த்தான். உள்ளேயும் ஆள் இல்லை. பதறியடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

ஏட்டய்யா போட்டோவைப் பார்த்தார், குணசீலனைப் பார்த்தார். "ஆளைக் கடைசியா எங்க பாத்தீரு?"

"காலையில பல்லு விளக்கும்போது கண்ணாடில பாத்தேன் சார்," என்றான் குணசீலன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்போ நல்லாத்தான் இருந்தாரு."