சந்தனப் பொட்டு வைத்த பாட்டில்

புதுச்சேரியில் ஒரு குரு இருந்தார். குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு அறுபத்திரண்டு. இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குருவின் பெயர் செலின். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்தார். நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கும் இடம். செலின் கடையில் நிஜமாகவே ஒயின் மட்டும்தான் இருந்தது. பிரான்சில் படித்துத் திரும்பியவர். அளந்துதான் பேசுவார்.

சீடர் அருணகிரி, எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்தாத தராசை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. ஒரு துளி மது குடித்ததுமில்லை. ஒரு நாள் காலை கடை வாசலில் நின்று, தெரிந்த முகம் எதுவும் தெருவில் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஒயின் சுவைக்கக் கற்றுத் தரப்படும் என்று பலகையில் எழுதியிருந்ததால் செலினை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

"விலை குறைவா, நல்ல ஒயின் எது டீச்சர்?"

"யாருக்கு?"

"எங்க வீட்ல அவளுக்கு."

செலின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அருணகிரி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய மகன் பிரான்சில் வேலைக்குப் போன இடத்தில் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். விருந்தில் மணமக்களை வாழ்த்திக் குடிக்க எல்லாருக்கும் ஒயின் ஊற்றியபோது, அவர் மனைவி தையல்நாயகி தன் கிளாசைக் கையால் மூடிக்கொண்டாள். பழக்கமில்லை, பயம், வேறொன்றுமில்லை. ஆனால் சம்பந்தியம்மா மதாம் சிமோனின் முகம் வாடிப்போனதை அவள் பார்த்துவிட்டாள். பெண்ணைப் பெற்றவளை அவள் வீட்டு விருந்திலேயே அவமானப்படுத்திவிட்டோமே என்று இன்றைக்கும் புலம்புகிறாள். இப்போது அந்த மதாம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். இந்த முறை தானும் ஒரு வாய் குடித்துவிடுவதென்று தையல்நாயகி முடிவெடுத்திருக்கிறாள்.

"அவ முகம் சுளிக்காம குடிக்கணும் டீச்சர். அவங்க முன்னாடி சுளிச்சிட்டான்னா மறுபடியும் அழுதுகிட்டே கிடப்பா. என்னால பார்க்க முடியாது."

பாடம் தொடங்கியது. செலின் பாட்டில்களை நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார். வாயில் வைத்துவிட்டுத் துப்ப ஒரு பாத்திரமும் கொடுத்தார். அருணகிரிக்கு அந்தப் பாத்திரம்தான் மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் செலின் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இன்னொரு வாய் வேணுமா?

அருணகிரி அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. இது எந்த ஊர், எந்த வருடம், விலை என்ன என்று கேட்டார். காகிதத்தை ஓரமாகக் கிழித்துப் பார்க்க முயன்று மாட்டிக்கொண்டார். கடைசியில், பதக்கம் வாங்கியதாக முத்திரை ஒட்டிய ஒரு பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"இதையே கொடுத்திடுங்க."

செலின் அதைத் திரும்ப இடத்தில் வைத்தார். "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

"எனக்குப் பிடிச்சதுதான்."

"அவங்களுக்கு?"

இனிப்பாக இருந்தால் யாருக்கும் பிடிக்கும், இனிப்பாகவே ஒன்று கொடுங்கள் என்று அருணகிரி மழுப்பினார்.

"வீட்டுக்குப் போங்க சார். எதுவும் கேட்காதீங்க. அவங்க சாப்பிடறதைப் பாருங்க."

சீடர் கொஞ்சம் கோபத்தோடுதான் போனார். ஒயின் கேட்டால் வீட்டுக்குப் போ என்கிறாளே என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை இருந்தது. வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அவளுக்குப் புளிப்புதான் பிடிக்கும் டீச்சர்."

திராட்சையைக் கிண்ணத்தில் போட்டு நடுவில் வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அவர் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். தையல்நாயகி கிண்ணத்தைத் துழாவி, சரியாகப் பழுக்காத சின்னக் காய்களாகத் தேடித் தேடித் தின்றிருக்கிறாள். கண்ணை மூடி ரசித்திருக்கிறாள். கேட்காதே என்று குரு சொல்லியிருந்தும் அவரால் முடியவில்லை, கேட்டுவிட்டார்.

"இத்தனை வருஷமா, நல்லதெல்லாம் அவ திங்கட்டும்னு புளிப்பா இருக்கிறதை நானே பொறுக்கித் தின்னுட்டு இருந்தேன். அவ என்ன சொல்றா தெரியுமா? நீங்க ஆசையா எடுக்கிறீங்களேன்னு விட்டுக் கொடுத்தேன்ங்கறா."

செலின் சிரிக்கவில்லை. கீழ்த்தட்டில், விலை குறைந்த வரிசையிலிருந்து ஒரு வெள்ளை ஒயினை எடுத்துத் திறந்து கொஞ்சம் ஊற்றினார். அருணகிரி வாயில் வைத்தார். பச்சை மாங்காயைக் கடித்த மாதிரி ஒரு புளிப்பு நாக்கின் ஓரத்தில் ஓடியது. அவர் துப்பும் பாத்திரத்தைத் தேடவில்லை.

"இன்னொரு வாய் வேணுமா?"

"எனக்கு வேண்டாம். அவளுக்கு வேணும்."

அந்தப் பதிலுக்குக் குருவின் முகம் மலர்ந்தது. அதே ஒயினில் புதிதாக ஒரு பாட்டிலைக் கொடுத்து, நன்றாகக் குளிர வைத்துக் கொடுங்கள் என்றார்.

அருணகிரி கிளம்பவில்லை. பையிலிருந்து, துண்டில் சுற்றிய இன்னொரு பாட்டிலை எடுத்தார். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியபோது மதாம் கையில் கொடுத்து அனுப்பியது. சம்பந்தி வீட்டுச் சீர் என்று தையல்நாயகி அதைச் சாமி அலமாரியில், விளக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்துப் பொட்டு வைப்பாள். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

செலின் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிரான்சில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வாங்கி அந்தக் கோடையிலேயே குடித்து முடிக்கிற சாதாரண ஒயின் அது. விளக்குச் சூட்டில் இத்தனை காலம் நின்றதில் காடியாகிப் புளித்துப்போயிருக்கும் என்றார். சாமியாக வைத்துக் கும்பிட்டே கெடுத்துவிட்டோமே, இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அருணகிரி தவித்தார்.

"திறக்கப் போறீங்களா?"

"இல்ல. பத்திரமா வச்சிருக்கோம்னு காட்டத்தான்."

"காட்டுறதுக்கு அது கெடலை சார்."

அவர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய், மனைவி பார்க்குமுன் பழைய இடத்தில் நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மதாம் சிமோன் மகளோடும் மாப்பிள்ளையோடும் வந்தார். கூடத்துக்குள் நுழைந்தவர் சாமி அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் தன் ஊர்ப் பாட்டில். அது என்ன பொட்டு என்று கேட்டார். மகன் விளக்கிச் சொன்னான். அவர் சந்தனத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். என்னை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன் என்றார். மகன் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது, தையல்நாயகிக்கும்தான்.

அதற்குப் பிறகு அதைத் திறக்க வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அருணகிரி மட்டும் வேண்டாம், வேண்டாம் என்று பின்னாலேயே போனார். மதாம் திறந்தே விட்டார். இரண்டு கிளாசில் ஊற்றினார். இந்த முறை தையல்நாயகி கையால் மூடவில்லை.

மதாம் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று. அருணகிரி மனைவியைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்கே," என்றாள் தையல்நாயகி.

நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு இன்னொரு வாய் குடித்தாள். சம்பந்திக்கும் ஊற்றலாம் என்று பாட்டிலைச் சாய்த்தாள். மதாம் சிமோன் சட்டென்று தன் கிளாசைக் கையால் மூடிக்கொண்டார். ஒரு கணம் இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர்கள், சோறு ஆறிப்போகும் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அருணகிரி கடைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். தெருவில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று அன்று அவர் பார்க்கவில்லை. கையில் செலின் கொடுத்த வெள்ளை ஒயின் இருந்தது. ஃபிரிட்ஜில் வைத்ததையே எல்லாரும் மறந்துபோனார்களாம்.

"இதைத் திறக்கவே இல்லை. கெட்டுப்போறதுக்குள்ள குடிக்கணும்னா, எந்த விசேஷத்துக்குத் திறக்கிறது டீச்சர்?"

செலின் பாட்டிலை வாங்கி, வெளியே பூத்திருந்த ஈரத்தைத் துடைத்துத் திரும்பக் கொடுத்தார்.

"அம்மா கிண்ணத்துல எதைத் தேடுறாங்கன்னு கண்டுபிடிச்சீங்களே சார், அந்த விசேஷத்துக்கு."